எவ்வளவு என்று முதலில் சொல்லுங்கள்

கேரளச் சட்டமன்றத்தில் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை வைக்கும் நாளில் உறுப்பினர்களுக்குக் கட்டுக்கட்டாகப் புத்தகங்கள் தருவார்கள். அதில் ஒன்றின் பெயர் ‘நான்காம் பின்னிணைப்பு’. பக்கத்துக்குப் பக்கம் ஊர்ப் பெயர்களும் எண்களும்தான். மாநிலத்தின் எந்த ஊராட்சிக்கு, எந்த நகராட்சிக்கு, எந்த மாநகராட்சிக்கு வரும் ஆண்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் போகும் என்பது அதில் அச்சாகியிருக்கும். தொலைக்காட்சி விவாதங்களில் அதை யாரும் கையில் தூக்கிக் காட்டுவதில்லை. ஆனால், தன் ஊருக்கு வரும் பணத்தைப் பற்றி ஒரு சாதாரண மனிதர் வாய் திறந்து பேசுவதற்கு அந்தச் சலிப்பான புத்தகம் அளவுக்கு உதவிய ஆவணங்கள் இந்தியாவில் குறைவு.

ஊர் முன்னேற்றத்துக்கான பணத்தை எதில் போடுவது என்று ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும் என்பது இன்று உலக வங்கி முதல் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் வரை எல்லோரும் சொல்லும் வாசகம். யாரும் எதிர்ப்பதில்லை. எதிர்ப்பே இல்லாத யோசனைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு நாடுகளில் இது நடந்த விதத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதைக் காட்டிலும், பேச உட்கார்ந்தபோது அவர்களுக்குத் தொகை தெரிந்திருந்ததா என்பதே விளைவைத் தீர்மானித்திருக்கிறது.

கேரளத்தில் அந்தத் தொகை சிறியதாக இல்லை. 1996 ஆகஸ்ட் 17, சிங்கம் மாதத்தின் முதல் நாள். மலையாள ஆண்டுப் பிறப்பன்று இ.கே. நாயனார் அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்பு உள்ளாட்சிகள் கைக்கு நிபந்தனையின்றி வந்தது சுமார் 20 கோடி ரூபாய். 1997-98இல் அது 1,025 கோடியானது. இயக்கத்தின் உயர்மட்ட வழிகாட்டுக் குழுவுக்குத் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட். மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஐ.எஸ். குலாட்டி, உறுப்பினர் டி.எம். தாமஸ் ஐசக் ஆகியோர் வேலையை நடத்தினார்கள்.

வழக்கமான புத்திமதி வேறு மாதிரி இருந்திருக்கும்: முதலில் ஊராட்சிகளைப் பழக்குங்கள், கணக்கு எழுதச் சொல்லிக் கொடுங்கள், பிறகு பணம் கொடுங்கள். இவர்கள் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். பணம் வரப்போகிறது என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். மடியில் வந்து விழப்போகும் பணத்துக்குத் திட்டம் போட வேண்டிய நெருக்கடியில் ஊராட்சிகளே பயிற்சி கேட்டு வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், அலுவலர்கள், தன்னார்வலர்கள் என ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஏழு சுற்றுகளாகப் பயிற்சி நடந்தது. பொறியாளர் மதிப்பீடு போட்டுத் தராமல் இழுத்தடிப்பார் என்ற பழைய சிக்கலுக்கும் ஒரு வழி கண்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் மருத்துவர்களையும் வேளாண் அலுவலர்களையும் தேடிப் பிடித்துத் தன்னார்வத் தொழில்நுட்பப் படை ஒன்றை அமைத்தார்கள். சும்மா வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் பலர் மறுபடியும் வரைபடமும் கால்குலேட்டருமாக உட்கார்ந்தார்கள்.

கூட்டம் நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் கிராமசபை வார்டு அளவில் கூடுகிறது. விடுமுறை நாளில், பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில். முதலில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து தொடக்க உரை. பிறகு குழுக்களாகப் பிரிந்து வகுப்பறைகளுக்குப் போவார்கள்: ஓர் அறையில் வேளாண்மை, ஓர் அறையில் குடிநீர், ஓர் அறையில் கல்வி, பெண்களுக்குத் தனியாக ஒன்று, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒன்று. குழுவுக்கு இருபத்தைந்து முதல் ஐம்பது பேர். பயிற்சி பெற்ற ஒருவர் கையில் கேள்வித்தாள் வைத்துக்கொண்டு பேச்சை நகர்த்துவார். ஒலிபெருக்கிக்கு முன்னால் எழுந்து நிற்கக் கூசுகிறவர்கூட மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் இடுக்கி உட்கார்ந்துகொண்டு, ‘எங்கள் கிணற்றில் சித்திரையில் தண்ணீர் இருக்காது’ என்று சொல்லிவிடலாம். ஜனநாயகத்தைப் பற்றிய பெரிய நூல்களில் பெஞ்சுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆனால் 1996 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் இடையே இப்படி வந்து உட்கார்ந்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல்.

இந்த வித்தை ஒரே நாளில் முளைத்ததன்று. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரியில் ஏற்கெனவே ஊரின் நிலம், நீர், ஆள், வளம் அனைத்தையும் ஊர்க்காரர்களை வைத்தே வரைபடமாக்கிப் பார்த்திருந்தது. மாநிலம் முழுவதும் பரவியது அந்த ஒத்திகைதான்.

பணத்தைக் கொடுத்த அரசு, கடிவாளத்தையும் சேர்த்தே கொடுத்தது. ஊர்க் கூட்டத்தை அதன் போக்கில் விட்டால் முதலில் கேட்பது சாலை. இரண்டாவதும் சாலை. சாலை கண்ணுக்குத் தெரியும், எல்லோருக்கும் பொது, ஒப்பந்தக்காரருக்கும் பிடிக்கும். ஆகவே சாலை முதலான கட்டமைப்பு வேலைகளுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். உற்பத்திக்கு 40 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 விழுக்காடு கட்டாயம் என்றும் விதி வந்தது. ‘மக்களே முடிவு செய்யட்டும் என்றவர்கள் ஏன் மக்களின் கையைக் கட்டுகிறார்கள்?’ என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 10 விழுக்காடு இல்லையென்றால், முதல் சுற்றில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு சொச்சமே இருந்த பெண்கள் அடுத்த சுற்றுக்கு வர என்ன காரணம் இருந்திருக்கும்? 72 ஊராட்சிகளை ஆராய்ந்து பேட்ரிக் ஹெல்லர், கே.என். ஹரிலால், சுபம் சௌத்ரி ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களும் பட்டியல் சாதியினரும் வருவது அதற்குப்பின் நன்றாகவே கூடியதைக் காட்டுகிறது.

தேய்ந்த இடங்களும் உண்டு. ஆண்டுகள் போகப் போக கிராமசபை பயனாளிப் பட்டியல் போடும் இடமாகச் சுருங்கியது. யாருக்கு ஆடு, யாருக்குக் கோழி, யாருக்குத் தென்னைக்கு உரம், யாருக்குக் கழிப்பறை. பட்டியலில் தன் பெயர் வராது என்று தெரிந்த நடுத்தர வர்க்கம் மெல்ல வீட்டிலேயே இருந்துகொண்டது. பட்டியலில் பெயர் வந்தவர்களும் வேலை முடிந்தது என்று அடுத்த முறை வரவில்லை. ஒப்பந்தக்காரரை ஒதுக்கிவிட்டு ஊர்ப் பயனாளிக் குழுவே வேலையை எடுத்துச் செய்யும் என்று போட்ட விதிக்கும் பினாமி முளைத்தது. குழுவின் பெயர் தாளில், வேலை பழைய ஒப்பந்தக்காரரின் கையில். 2001இல் ஆட்சி மாறியது, இயக்கத்தின் பெயரும் மாறியது. என்றாலும் பின்னிணைப்பு மட்டும் ஆண்டுதோறும் அச்சாகிக்கொண்டே வந்தது. கூட்டத்தில் உற்சாகம் வற்றலாம். அச்சான தொகையை எந்த அரசாலும் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியவில்லை.

இந்தத் துறையில் பேசுகிறவர்கள் கேரளத்துக்கு முன்பே உச்சரிக்கும் பெயர் பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் போர்ட்டோ அலெக்ரி. பதின்மூன்று லட்சம் பேர் வாழும் நகரம். 1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்று, வங்கி ஊழியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த ஒலிவியோ தூத்ரா மேயரானார். 1989 முதல் நகரின் முதலீட்டுச் செலவை மக்கள் கூட்டங்கள் முடிவு செய்யத் தொடங்கின. பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் என்று உலகம் இன்று சொல்வதன் தாய்வீடு இது. அதன் வெற்றிக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். முதல் ஆண்டின் தோல்விதான் கூடுதல் பாடம் வைத்திருக்கிறது.

நகரத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் கூட்டம் போட்டு ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டார்கள். மக்கள் சொன்னார்கள். தண்ணீர், சாக்கடை, தெருத்தளம், வீடு என்று பட்டியல் நீண்டது. மேயர் அலுவலகம் கஜானாவைத் திறந்து பார்த்தால், வருவாயில் பெரும்பகுதி ஊழியர் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஒரு குழாய் பதிக்கவும் காசில்லை. கேட்டதில் ஏறக்குறைய எதுவும் நடக்கவில்லை. 1990இல் கூட்டங்களுக்கு வந்தவர்கள் நகரம் முழுவதற்கும் சேர்த்து ஆயிரம் பேரைத் தொடவில்லை. ஏமாந்தவர்கள் ஏன் வருவார்கள்?

நிர்வாகம் செய்தது புத்திசாலித்தனமான காரியம். கூட்டத்தை இன்னும் கவர்ச்சியாக்குவது எப்படி என்று யோசிக்காமல், வரியைத் திருத்தப் போனது. சொத்து வரியை வசதியானவர்களுக்குக் கூட்டி, மக்களின் ஆதரவைத் திரட்டி நகர சபையில் நிறைவேற்றிக்கொண்டது. 1988இன் புதிய அரசியல் சாசனத்தின்படி நகராட்சிகளுக்கு மத்திய, மாநில அரசுகளிடமிருந்து வரும் பங்கும் கூடியிருந்தது. முதலீட்டுக்கென்று ஒதுக்க உண்மையிலேயே பணம் வந்த பிறகு கூட்டங்கள் தாமாக நிரம்பின. 2000களின் தொடக்கத்தில் ஆண்டுதோறும் வந்தவர்கள் பதினைந்தாயிரத்துக்கும் அதிகம்.

அடுத்து, சண்டையை எண்ணாக மாற்றினார்கள். நகரம் 16 பகுதிகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பகுதியும் தனக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தும். தெருத்தளப் பணம் எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்பதை மேயரும் சொல்ல மாட்டார், உரக்கக் கத்துகிறவரும் சொல்ல மாட்டார். மூன்று கேள்விகள் சொல்லும்: அந்தப் பகுதியில் தளம் போடாத தெரு எத்தனை விழுக்காடு, மக்கள்தொகை எவ்வளவு, அந்தப் பகுதி தளத்தை எத்தனையாவது விருப்பமாகக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், மதிப்பெண்ணுக்கு எடை, பெருக்கிக் கூட்டினால் பங்கு. எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பதைப் பிரதிநிதிகள் அடங்கிய மன்றமே ஆண்டுதோறும் விவாதித்து மாற்றிக்கொள்ளும். பகுதிக்கு இருவர், போக்குவரத்து, சுகாதாரம் போன்ற ஐந்து துறைக் கூட்டங்களிலிருந்து இருவர் இருவர், சங்கங்களிலிருந்து இருவர் என 44 பேருக்கு வாக்கு. நகர அரசின் ஆட்கள் உட்காரலாம், வாக்களிக்க முடியாது. பள்ளிப் படிப்பை முடிக்காத குடிசைவாசிகள் பின்னங்களைப் போட்டுக் கணக்குப் பார்த்து, ‘எங்களுக்கு மூன்று தெரு வர வேண்டும், இரண்டுதான் எழுதியிருக்கிறீர்கள்’ என்று அதிகாரியை மடக்கினார்கள். ஆண்டு இறுதியில் எந்தத் தெரு, எந்த வேலை என்று விவரம் போட்ட முதலீட்டுத் திட்டப் புத்தகம் அச்சாகி வரும். அடுத்த ஆண்டின் முதல் கூட்டம் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்கும்: சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன்.

விளைவுகளை உலக வங்கியே எண்ணிப் பார்த்தது. குடிநீர், சாக்கடை இணைப்புள்ள வீடுகள் 1988இல் 75 விழுக்காடாக இருந்து 1997இல் 98 ஆயின. ஒரு நகரத்தின் கதை தற்செயலாக இருக்கலாம் என்று கருதுபவர்களுக்கு சோனியா கோன்சால்வெஸின் 2014ஆம் ஆண்டு ஆய்வு பதில் வைத்திருக்கிறது. 1990 முதல் 2004 வரை பிரேசிலின் நகராட்சிகளை ஒப்பிட்டவர் அவர். இந்த முறைக்கு மாறிய ஊர்களில் தலைக்கு ஆகும் மொத்தச் செலவு பெரிதாகக் கூடவில்லை. பணம் இடம் மாறியது, சுகாதாரத்துக்கும் கழிவுநீருக்கும் கூடுதலாகப் போனது. அந்த ஊர்களில் பச்சிளம் குழந்தைகளின் சாவும் குறைந்தது. எந்தக் கூட்டத்திலும் யாரும் கையைத் தூக்கி ‘குழந்தை சாகக் கூடாது’ என்று தீர்மானம் போட்டிருக்க மாட்டார்கள். சாக்கடை கேட்டிருப்பார்கள்.

2005இல் போர்ட்டோ அலெக்ரிக்கு ஜோசே ஃபோகாசா மேயரானார். மக்கள் கூட்டங்களை நிறுத்த மாட்டேன் என்று சொல்லித்தான் அவர் தேர்தலில் வென்றிருந்தார், நிறுத்தவும் இல்லை. கூட்டம் நடந்தது, தேர்வு நடந்தது, பிரதிநிதிகள் அமர்ந்தார்கள். நடக்காமல் போனது வேலைதான். தேர்வாகியும் செய்யப்படாத பணிகள் ஆண்டுக்கு ஆண்டு குவிந்தன. 2017இல் அடுத்து வந்த ஒரு மேயர், நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி நடைமுறையையே நிறுத்தி வைத்தபோது நகரம் கொந்தளித்து எழவில்லை. அதற்குள் கூட்டத்தின் மீது இருந்த நம்பிக்கை கரைந்துவிட்டிருந்தது.

மக்கள் முடிவு செய்தால் முடிவே வேறாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தோனேசியாவிலிருந்து ஒரு குட்டு விழுந்தது. பெஞ்சமின் ஆல்கென் என்ற பொருளியலாளர் 49 கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார். சில கிராமங்களில் வழக்கம்போல ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்த வேலை என்று முடிவு செய்தார்கள். மற்றவற்றில் எல்லோரும் இரகசியமாக வாக்களித்தார்கள். 2010இல் வெளியான முடிவு விசித்திரமானது. தேர்வான வேலைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆனால் வாக்களித்த ஊர்களில் மக்களின் திருப்தி வெகுவாகக் கூடியிருந்தது. அதே பாலம், அதே சாலை, ஆனால் ‘நாம் போட்டது’. இதைக் கண்துடைப்பு என்று சிலர் சொல்லக்கூடும். வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்கு என்ன சமைப்பது என்று பெரியப்பாவைக் கேட்பதும் ஏறக்குறைய இப்படித்தான். பட்டியல் மாறாது. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆல்கென் செய்த இன்னொரு வேலை இதைவிடக் கடுமை. 608 கிராமங்களில் புதிதாகப் போட்ட சாலைகளைப் பொறியாளர்களைக் கொண்டு தோண்டிப் பார்த்தார். எவ்வளவு கல், எவ்வளவு மணல் உண்மையில் இறங்கியிருக்கிறது என்று அளந்து, கணக்கில் எழுதியதோடு ஒப்பிட்டார். சில ஊர்களில் கணக்குக் கூட்டத்துக்கு வீடுவீடாக அழைப்பிதழ் கொடுத்து மக்களை வரவழைத்தார்கள். சில ஊர்களில் அரசுத் தணிக்கை உறுதியாக வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். தணிக்கை வரும் என்ற ஊர்களில் காணாமல் போன பணம் 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. மக்களை அழைத்த ஊர்களில் கூலிக் கணக்கில் திருட்டு குறைந்தது. ஆனால் கல்லும் மணலும் போய்க்கொண்டேதான் இருந்தன. காரணம் எளிது. தனக்கு வர வேண்டிய கூலி எவ்வளவு என்று ஆளுக்குத் தெரியும். சாலைக்கு அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று தெரியாது. நம்மூர் மொழியில் சொன்னால், எம்.புக் என்ற அளவைப் புத்தகத்தில் ஓவர்சியர் எழுதியதை வாசிக்கத் தெரிந்தவர் கூட்டத்தில் யாரும் இல்லை. மக்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று தணிக்கையாளரை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

தமிழ்நாட்டுக்கு வரலாம். இந்தப் பேச்சு இங்கே எழுந்தால் யாராவது ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் கொண்டுவந்துவிடுவார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள், குடவோலை, ஏரி வாரியம். ஆனால் அந்தக் குடத்தில் ஓலை விழ நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவருக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது என்றால், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் வாரியத்துக்கு வரக் கூடாது என்ற நிபந்தனை. பெருமை பேசும் மேடைகளில் அந்த வரியை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1994இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் கிராமசபையின் முன் வைக்க வேண்டும். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என்று நான்கு நாள் இருந்தது. 2022 முதல் உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாயின. ஐந்நூறு பேர் வரை உள்ள ஊரில் ஐம்பது பேர், பத்தாயிரத்துக்கு மேல் போனால் முந்நூறு பேர் என்று குறைவெண் வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து பற்றாளர் ஒருவர் வருவார். ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருளை வாசிப்பார். தீர்மானப் புத்தகம் கைக்குக் கை மாறும். நூறுநாள் வேலைக்கு வருகிறவர்கள் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைப்பார்கள்.

தமிழ்நாட்டுக் கிராமசபைகளில் பேசப்பட்டதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, கணினியைக் கொண்டு அலசிய ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவர் செய்தது. பெண்கள் பேசுவது குறைவு. பேசினாலும் அவர்கள் எடுத்த பொருள் அடுத்தவர் வாயில் தொடர்வது குறைவு. அதிகாரி அவர்கள் கேட்டதற்குப் பொருத்தமான பதில் சொல்வது அதைவிடக் குறைவு. தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஒரு வேறுபாடு தெரிந்தது. அங்கேயும் பெண்கள் அதிகம் பேசிவிடவில்லை. ஆனால் பேசியதற்குப் பதில் கிடைத்தது. ‘தலைவி பெயருக்குத்தான், புருஷன்தான் நடத்துகிறார்’ என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பவர்கள் இந்தக் கடைசிப் புள்ளியைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, அந்தச் சபைக்கு முன்னால் இருக்கும் பணம் எவ்வளவு? இங்கேதான் சுருதி இறங்குகிறது. மாநில நிதிக்குழு மானியத்தில் தெருவிளக்கு, மோட்டார் மின்கட்டணம், தொட்டி ஆப்பரேட்டர் சம்பளம், தூய்மைப் பணி, குழாய் உடைப்பு என்று போனபின் மிஞ்சுவது சொற்பம். பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று முத்திரை குத்தியே வந்தது. வீடு கட்டும் திட்டம், சாலைத் திட்டம், வேலையுறுதித் திட்டம் எல்லாவற்றுக்கும் மேலிருந்து விதிமுறை. 2018இல் மத்திய ஊராட்சி அமைச்சகம் ஒவ்வொரு ஊராட்சியும் வளர்ச்சித் திட்டம் எழுத வேண்டும் என்று நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கி, அதற்குக் கேரளத்தின் பெயரையே வைத்தது: மக்கள் திட்ட இயக்கம். பெயர் வந்தது. முப்பத்தைந்து விழுக்காடு வரவில்லை. தொகை தெரியாத சபையில் திட்டம் எழுதச் சொன்னால் எழுதுவது ஆசைப்பட்டியல்தான். கிழக்குத் தெருவுக்குச் சிமெண்ட் சாலை, சுடுகாட்டுக்குப் பாதை, நூலகத்துக்குச் சுற்றுச்சுவர். எல்லாமே தீர்மானமாகும். எதை விட்டுக்கொடுத்து எதை எடுப்பது என்ற பேச்சு வராது, ஏனென்றால் விட்டுக்கொடுக்க வேண்டிய எல்லையே கண்ணில் படவில்லை. அப்படிப்பட்ட சபையில் கேட்பவர் மனுதாரராகிவிடுகிறார்.

சபை மட்டும் மிஞ்சிய காலமும் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் வந்தது, மிச்சம் ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடையில் தனி அலுவலர்கள் இருந்தார்கள், கிராமசபைகளும் கூடின. யாரிடம் கணக்குக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

தொகை தெரியாத சபைக்கு நேரெதிரான ஒன்றை இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். லாட்டரி நிதியிலிருந்து இருபது கோடி பவுண்டுக்கு மேல் எடுத்து, ‘பிக் லோக்கல்’ என்ற பெயரில், வளர்ச்சிப் பணம் அதுவரை எட்டிப் பார்க்காத 150 பகுதிகளுக்குக் குறைந்தது பத்து லட்சம் பவுண்டு வீதம் பிரித்துக் கொடுத்தார்கள். முடிவெடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள் இருக்க வேண்டும். பணத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் செலவழித்தால் போதும், மார்ச் 31க்குள் முடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற பதற்றம் இல்லை. சில இடங்களில் முதல் இரண்டு மூன்று ஆண்டு சண்டையிலேயே கழிந்தது. கழியட்டும் என்று விட்டார்கள். பணம் அங்கேயே இருந்தது. எவ்வளவு என்பதும் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

நியூயார்க்கில் நடந்ததுதான் தமிழ்நாட்டுக்கு மிகக் கிட்டத்தில் இருக்கிறது. 2011இல் அந்த மாநகர மன்றத்தின் உறுப்பினர்கள் நான்கு பேர், தங்கள் விருப்பப்படி ஒதுக்கிக்கொள்ளக் கிடைக்கும் முதலீட்டு நிதியில் ஆளுக்குக் குறைந்தது பத்து லட்சம் டாலரைத் தங்கள் வட்டார மக்களின் வாக்குக்கு விட்டார்கள். புதுச் சட்டம் எதுவும் போடவில்லை. ஆலோசனைகள் வந்தன, தன்னார்வலர்கள் அவற்றைத் துறைப் பொறியாளர்களிடம் கொண்டுபோய் எஸ்டிமேட் வாங்கினார்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே விலை எழுதிய வாக்குச்சீட்டு அச்சாகியது. குடியுரிமை இல்லாதவரும், பதினெட்டு வயது ஆகாதவரும் வாக்களிக்கலாம். ஜெயித்தவற்றில் ஒன்று, பள்ளிக்கூடக் கழிப்பறையைச் சீரமைப்பது. பெரியவர்கள் மட்டும் கூடிப் பேசியிருந்தால் அது எத்தனையாவது இடத்துக்கு வந்திருக்கும் என்பதைப் பள்ளியில் படித்த எவரும் ஊகிக்கலாம்.

தமிழ்நாட்டில் 234 சட்டமன்றத் தொகுதிகள். தொகுதி மேம்பாட்டு நிதி, உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. எந்தப் பணியை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறி இருக்கிறது, உறுப்பினர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் அனுமதி தருகிறது. பரிந்துரை எங்கிருந்து உருவாக வேண்டும் என்பது அவரவர் விருப்பம். ஒரு நிழற்குடையில், ஒரு சமுதாயக்கூடத்தில், பெயர் பொறித்த கல்வெட்டில் அந்தப் பணம் ஊருக்குத் தெரியவருகிறது, செலவான பிறகு.

ஒரே ஒரு தொகுதியில், அதில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, செலவாவதற்கு முன்பே சொல்லிவிட்டால் எப்படி இருக்கும்? ரேஷன் கடைச் சுவரிலும் அங்கன்வாடிக் கதவிலும் ஒட்டும் அளவுக்கு ஒரு நோட்டீஸ். முதல் வரியில் பெரிய எழுத்தில் தொகை: இந்த ஒன்றியத்துக்கு இந்த ஆண்டு 40 லட்சம். அதன் கீழே எடுக்கக்கூடிய வேலைகள், எடுக்கக் கூடாதவை. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உத்தேச விலை: சிமெண்ட் சாலை நூறு மீட்டருக்கு எவ்வளவு, பள்ளிக் கழிப்பறை ஒன்றுக்கு எவ்வளவு, வாய்க்கால் தூர் வார எவ்வளவு. வாக்கெடுப்பு எந்த ஞாயிறு, எந்தப் பள்ளிக்கூடம். கடைசி வரியில், போன ஆண்டு தேர்வான வேலைகளில் முடிந்தவை எத்தனை, முடியாதவை எத்தனை. முதல் ஆண்டு அந்த வரி காலியாகத்தான் இருக்கும்.